நுகத்தடியிலிருந்து வந்த ‘ஜாயின்’

“தம்பி போன வாரம்தான் உத்தியோகத்துல ஜாயின் பண்ணினான்.”

வேலைக்குப் போகும் பிள்ளை இருக்கிற எந்தத் தமிழ் வீட்டிலும் இந்த வாக்கியம் ஒருமுறையாவது காதில் விழுந்திருக்கும். இதில் உத்தியோகம் வடமொழியிலிருந்து வந்த சொல், ஜாயின் ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். முன்னது தமிழில் நெடுங்காலமாகப் புழங்குவது. பின்னது வெள்ளைக்காரர் காலத்து அலுவலகக் கோப்புகள் வழியே நுழைந்தது. இவை இரண்டுக்கும் உறவு இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் உத்தியோகத்துக்குள் இருக்கிற ‘யோக’மும் ஜாயினும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த வேருக்குப் பொருள், மாட்டை நுகத்தில் பூட்டுவது.

ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் போதாதா, பூர்விகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஜாயின் விஷயத்தில் பூர்விகம் நிச்சயம் உதவும். நீதிமன்றத்தில் கேட்கிற இஞ்ஜங்ஷன், ரயிலடியில் கேட்கிற ஜங்ஷன், கண் மருத்துவர் எழுதித் தருகிற கஞ்ஜங்டிவைடிஸ், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்கிற ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க’ எல்லாம் இந்த ஒரு சொல்லின் உறவினர்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வந்து சேரும்.

முதலில் பொருள். தனித்தனியாக இருக்கிற இரண்டைத் தொடும்படி வைத்து ஒன்றாக்குவது ஜாயின். குழாயும் குழாயும், மரமும் மரமும், கையும் கையும். இது அடிப்படை. ஒரு கூட்டத்திலோ நிறுவனத்திலோ ஒருவர் சேர்வது அடுத்த பொருள். ஆறு கடலோடு கலப்பதும் கிளைச்சாலை பெருஞ்சாலையில் முடிவதும் ஜாயின்தான். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற ஒன்றில் நாமும் கலந்துகொள்வது இன்னொரு பொருள். 2020க்குப் பிறகு வீடியோ கூட்டங்களில் தினம் நாம் தொடுகிற ‘ஜாயின்’ பொத்தான் இந்த வகை.

கனெக்ட், அட்டாச், யுனைட், மெர்ஜ் என்று பக்கத்துச் சொற்கள் இருக்கின்றன. கனெக்ட் என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு தொடர்பு இருக்கிறது, அவ்வளவுதான். அவை தொட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அட்டாச் என்றால் பெரியதோடு சிறியதை ஒட்டவைப்பது. மெர்ஜ் என்றால் ஒன்று மற்றதில் கரைந்துபோகும். ஜாயினில் கரைதல் இல்லை. இரண்டும் இரண்டாகவே இருந்துகொண்டு ஓரிடத்தில் பொருந்தி நிற்கும். அதற்கான காரணத்தை மாட்டு நுகத்தில் பார்க்கலாம்.

லத்தீன் மொழியில் ‘யுங்கெரே’ என்றொரு வினை. பூட்டு, இணை, சேர் என்று பொருள். அதன் பெயர்ச்சொல் ‘யுகும்’, அதாவது நுகத்தடி. ரோமானியர் நிலத்தை அளந்த அலகுக்கு ‘யூகெரும்’ என்று பெயர். ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் உழக்கூடிய நிலம் அது என்று ரோம எழுத்தாளர் பிளினி விளக்குகிறார். நம் கணக்கில் ஏறத்தாழ அறுபது சென்ட் வரும். இங்கே இந்தியாவில் தூரத்தை அளந்த ‘யோசனை’ என்ற அலகும் பூட்டிய மாட்டை அவிழ்க்காமல் ஒரே மூச்சில் போகக்கூடிய தொலைவுதான். ரோமில் நுகம் நிலத்தை அளந்தது, இங்கே வழியை அளந்தது. உழவும் வண்டியும் வாழ்க்கையின் நடுவில் இருந்த காலத்தில் இணைப்பு என்றால் முதலில் நினைவுக்கு வந்தது இரண்டு மாடுகளின் கழுத்தில் குறுக்கே கிடந்த அந்தக் கட்டைதான்.

லத்தீன் பேச்சுமொழியாக மாறி மாறிப் பிரெஞ்சு ஆனபோது யுங்கெரே ‘ஜோயிந்த்ர்’ ஆனது. முதலெழுத்தின் யகரம் ஜகரமாகத் தடித்தது. நகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவே நாக்கு எளிதாகத் தாண்டுவதற்கு ஒரு தகரம் முளைத்தது. யமுனை வடநாட்டில் ஜமுனா ஆவதையும் யாத்திரை ஜாத்ரா ஆவதையும் பார்த்தவர்களுக்கு இந்த ய – ஜ மாற்றம் புதிதில்லை.

1066இல் நார்மன்டியிலிருந்து வந்த படை இங்கிலாந்தைப் பிடித்தது. அதற்குப் பிறகு அரண்மனை, நீதிமன்றம், சமையலறை எங்கும் பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன. ஜாயின் ஆங்கில எழுத்தில் இடம்பிடித்தது 1300ஐ ஒட்டிய காலத்தில். அதற்குமுன் ஆங்கிலேயருக்கு இணைப்பதற்குச் சொல் இல்லாமலா இருந்தது? இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஃபேகன்’ என்று ஒரு வினை. புதுச் சொல் வந்ததும் அது மெல்ல ஒதுங்கிக்கொண்டது. ஆனாலும் செத்துவிடவில்லை. மரக்கலம் கட்டுகிறவர்கள் இரண்டு மரங்களை இடைவெளி இல்லாமல் பொருத்துவதை இன்றும் ‘ஃபே’ என்கிறார்கள். ஊர் கைவிட்ட சொல்லைத் தொழில் காப்பாற்றி வைப்பது எல்லா மொழியிலும் நடக்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஜாயினின் உச்சரிப்பிலும் ஒரு கதை இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் படித்த ஆங்கிலேயர்களே இதை ‘ஜைன்’ என்று சொன்னார்கள். அலெக்சாண்டர் போப் 1711இல் வெளியிட்ட விமர்சனம் பற்றிய செய்யுளில் ஜாயினுக்கு ‘லைன்’ என்ற சொல்லை இயைபாக வைத்திருக்கிறார். அன்றைய காதுக்கு அது சரியான ஓசை. பிறகு எழுத்தைப் பார்த்து உச்சரிக்கும் பழக்கம் வலுத்து, ‘ஜொய்ன்’ என்ற ஒலி நிலைபெற்றது. நாம் ஜாயின் என்று ஆகாரம் போட்டுச் சொல்வது வேறு வழக்கம். ஆங்கிலத்தில் ‘ஒய்’ என்று வரும் ஒலி நம் வாயில் ‘ஆய்’ ஆகிவிடும். ஆயில், காயின், பாயிண்ட், பாய்லர் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்.

இனி உறவினர்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1786 பிப்ரவரியில் கல்கத்தாவின் ஆசியவியல் கழகத்தில் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரு பொதுமூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்றார். அதன்பின் வந்த அறிஞர்கள் சொல்லைச் சொல்லோடு வைத்து அந்த உறவை நிறுவினார்கள். அப்படி நிறுவப்பட்ட வேர்களில் மிகத் தெளிவானவற்றுள் ஒன்று நம்முடையது. ‘அவர்கள் பூட்டுகிறார்கள்’ என்பதற்கு சமஸ்கிருதத்தில் ‘யுஞ்ஜந்தி’. லத்தீனில் ‘யுங்குந்த்’. வேருக்கு நடுவே மூக்கொலி ஒன்று நுழைவது முதற்கொண்டு இரண்டும் ஒத்துப்போகின்றன. நுகத்தடிக்கு சமஸ்கிருதத்தில் ‘யுகம்’, லத்தீனில் ‘யுகும்’, கிரேக்கத்தில் ‘ஸுகோன்’, ரஷ்ய மொழியில் ‘இகோ’, லித்துவேனிய மொழியில் ‘யுங்காஸ்’. ஆங்கிலத்தில் ‘யோக்’. தற்செயலாக இத்தனை மொழிகளில் இப்படி அமையாது. தமிழின் நுகத்தையும் மொழியியலாளர் பலர் இந்த யுகத்தோடு உறவுபடுத்துகிறார்கள். அதேசமயம் செயலைக் குறிக்க நாம் நம் சொந்த வினையைத்தான் வைத்திருக்கிறோம். மாட்டைப் பூட்டு, ஏர் பூட்டு. கதவைச் சாத்திப் பூட்டுவதும் அந்த வினைதான்.

இந்த ஒரே வேர் ஆங்கிலத்துக்குள் நான்கு வாசல்கள் வழியே வந்திருக்கிறது. யோக் என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து, ஜெர்மானிய முன்னோரிடமிருந்து கைமாறி வந்தது. ஜாயின் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. உயிரியல் பாடத்தில் வரும் ஸைகோட், அதாவது ஆண் அணுவும் பெண் அணுவும் சேர்ந்த கரு, கிரேக்கத்திலிருந்து எடுத்துச் செய்தது. நான்காவது யோகா. 1785இல் லண்டனில் சார்ல்ஸ் வில்கின்ஸின் பகவத் கீதை மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது யோகம் என்ற சொல் ஆங்கில வாசகர்களை எட்டியது. அலையும் புலன்களைக் குதிரைகளாகவும் உடலைத் தேராகவும் கட உபநிடதம் உருவகிக்கிறது. பூட்டி அடக்குதல் என்ற பொருள் யோகத்துக்கு எப்படி ஏறியது என்பது அதைப் படித்தால் புலப்படும். பாணினி மரபின் வேர்ப்பட்டியல் ‘யுஜ்’ஜைத் தனித்தனி வேர்களாகப் பிரித்து, ஒன்றுக்கு இணைத்தல் என்றும் இன்னொன்றுக்கு மனத்தை ஒருமுகப்படுத்துதல் என்றும் பொருள் சொல்கிறது. ஆனால் இன்றைய மொழியியல் பார்வையில் மூலம் ஒன்றே.

தமிழில் நாம் நாள்தோறும் பேசுகிற சொற்களைப் பாருங்கள். உபயோகம், பிரயோகம், விநியோகம், உத்தியோகம், யோக்கியம், யோசனை, யுக்தி, சம்யோகம், வியோகம். அத்தனையிலும் யுஜ் ஒளிந்திருக்கிறது. தூரத்தை அளக்கும் யோசனையைப் போலவே சிந்திக்கும் யோசனையும் இதன் கிளை. மத்திய அரசுத் திட்டங்களின் பெயரில் கடைசியாக வந்து நிற்கும் ‘யோஜனா’வும் அதுவே. ஒரு காரியத்துக்குத் தன்னைப் பூட்டிக்கொண்டு முனைவது உத்தியோகம். ஆக, தம்பி உத்தியோகத்தில் ஜாயின் பண்ணினான் என்றால், நுகத்தைப் பற்றி இரண்டுமுறை சொல்லியாகிவிட்டது.

ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. மகிழ்ச்சியைக் குறிக்கும் ஜாய்க்கும் ஜாயினுக்கும் உறவில்லை. ஜூனியர் வேறு வேர், இளமையைக் குறிப்பது. சமஸ்கிருத யுத்தம் போரிடுவதைக் குறிக்கும் ‘யுத்’ என்ற தனி வேரிலிருந்து வந்தது. இந்த எச்சரிக்கை அவசியம். சொல் ஆராய்ச்சி என்ற பெயரில் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு எழுதப்படுபவை தமிழில் நிறைய வருகின்றன. ஒலி எப்படி மாறியது, எந்த நூற்றாண்டில், எந்த வழியில் என்று காட்டாதவரை எந்த உறவும் உறவாகாது.

நுகம் எப்போதும் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை. கி.மு. 321இல் காடைன் கணவாயில் சாம்னைட் மக்களிடம் ரோமப் படை வகையாகச் சிக்கிக்கொண்டது. உயிர்ப்பிச்சை கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை விதித்தார்கள். இரண்டு ஈட்டிகளை நட்டு, குறுக்கே மூன்றாவதைக் கட்டி ஒரு நுகம்போல் நிறுத்தினார்கள். ரோம வீரர்கள் ஆயுதங்களைப் போட்டுவிட்டு, தலைகுனிந்து, ஒவ்வொருவராக அதன் கீழே நுழைந்து போக வேண்டும். தோற்றவரை நுகத்தின் கீழ் அனுப்பும் இந்த வழக்கத்திலிருந்து பிறந்த சொல்தான் அடிமைப்படுத்துவதைக் குறிக்கும் ‘சப்ஜுகேட்’. ‘சப்’ என்றால் கீழே, ‘யுகும்’ என்றால் நுகம். அதே நுகத்தடி ஒரு பக்கம் தோழமைக்கும் மறுபக்கம் அடிமைத்தனத்துக்கும் அடையாளமானது. பூட்டிக்கொண்டவரா, பூட்டப்பட்டவரா என்பதைப் பொறுத்தது அது.

நீதிமன்றத்துச் சொற்கள் பலருக்குக் குழப்பம் தருபவை. இஞ்ஜங்ஷன் என்றால் தடையாணை. இணைப்பைக் குறிக்கும் வேரிலிருந்து தடுப்பைக் குறிக்கும் சொல் எப்படி வரும்? லத்தீனில் அதன் மூலவினைக்கு ‘ஒருவர் மேல் பொருத்து, சுமத்து’ என்று பொருள். ஒரு கட்டளையை ஒருவர் மேல் சுமத்துவதே இஞ்ஜங்ஷன். ‘செய்யாதே’ என்றும் சுமத்தலாம், ‘செய்’ என்றும் சுமத்தலாம். எதிர்த்தரப்பு பதில் மனு போட்டபின் அதற்கு மறுபதிலாக வருவது ரிஜாய்ண்டர். வழக்கில் சேர்க்கத் தேவையில்லாதவரைச் சேர்த்தால் மிஸ்ஜாய்ண்டர், சேர்க்க வேண்டியவரை விட்டுவிட்டால் நான்ஜாய்ண்டர். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், முதல் கட்டளையின் ஒன்பதாம் விதியில், இந்தப் பிழைகளுக்காக மட்டுமே ஒரு வழக்கைத் தள்ளிவிடக் கூடாது என்கிறது. அவசியமான தரப்பினரை விட்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. வக்கீல் வாயில் இந்தச் சொற்கள் வரும்போது மிரள வேண்டாம். யார் யாரோடு சேர்ந்திருக்கிறார், எது எதோடு பொருத்தப்பட்டிருக்கிறது என்பதுதான் பேச்சு.

மற்ற சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ரயில் பாதைகள் கூடும் இடம் ஜங்ஷன். விழுப்புரம், ஈரோடு, அரக்கோணம் எல்லாம் இந்தப் பெயருக்குப் பொருத்தமானவை. திருநெல்வேலியில் அது நிலையத்தை விட்டு வெளியே வந்து ஊரின் ஒரு பகுதிக்கே பெயராகிவிட்டது. டவுனிலிருந்து ஜங்ஷனுக்குப் போவது அங்கே தினசரிப் பேச்சு. கண்விழியையும் இமையின் உட்புறத்தையும் இணைக்கும் மெல்லிய சவ்வு கஞ்ஜங்டைவா. அது வீங்கிச் சிவந்தால் நம் ஊர்ப் பெயர் மெட்ராஸ் ஐ. ராணுவக் குழுவின் ஆட்சியைச் சொல்லும் ஹுண்டா, ஸ்பானிய மொழியில் வெறும் ‘கூட்டம்’ என்பதுதான். 1808இல் நெப்போலியனை எதிர்க்க ஸ்பெயின் நகரங்களில் மக்கள் அமைத்த குழுக்களுக்கு அந்தப் பெயர். அட்ஜஸ்ட் என்பது ‘பக்கத்தில் கொண்டுவருதல்’ என்ற பொருளில் கிளம்பியது. பஸ்ஸில் அதைச் சொல்கிறவர் மூலப்பொருள் மாறாமலேயே சொல்கிறார்.

திருமணத்தில் இந்த வேர் செய்திருக்கிற வேலை எல்லாவற்றையும் விட அழகானது. கணவன், மனைவி இருவருக்கும் பொதுவாக லத்தீனில் ‘கோன்யுங்ஸ்’ என்பார்கள். ஒரே நுகத்தில் பூட்டப்பட்டவர் என்று அர்த்தம். ஆங்கிலத்தின் ‘கான்ஜுகல்’ அதிலிருந்து வந்தது. கடவுள் சேர்த்துவைத்த தம்பதியை மனிதர் பிரிக்கலாகாது என்று இயேசு சொல்லும் இடத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் இருக்கும் வினைக்கு நேர்ப்பொருள் ‘ஒன்றாக நுகத்தில் பூட்டினார்’ என்பது. அதை லத்தீனில் பெயர்த்தவர்கள் யுங்கெரேயின் கூட்டுவினையைப் போட்டார்கள். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ஜாயினைப் போட்டார்கள். மூன்று மொழிகளிலும் அதே வேர் வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழ் வேதாகமம் ‘இணை’ என்ற வினையை ஆள்கிறது. 1549இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் பொது வழிபாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தபோது, மணமக்களின் வலக்கைகளைக் குரு சேர்த்துவைக்கும் இடத்திலும் ஜாயின் வந்தது. அன்றிலிருந்து ஆங்கிலம் பேசுகிற ஊர்களில் அது கல்யாணச் சொல். நம் ஊரில் வைதிக முறையில் நடக்கும் அந்தணர் திருமணங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று நினைவு வரும். மணமகளின் தலைக்குமேல் நுகத்தடியின் துளை படும்படி பிடித்து, துளையில் பொன்னை வைத்து, அதன் வழியே நீர் வார்க்கும் சடங்கு அது. ரோமானியர் சொல்லில் வைத்திருந்த நுகத்தை இங்கே இன்றும் மணமேடையில் மரமாகவே காணலாம்.

ஜாயினர் என்றொரு தொழிலாளியும் உண்டு. இங்கிலாந்தில் கார்ப்பெண்டர் வேறு, ஜாயினர் வேறு. வீட்டின் கூரைச் சட்டங்களையும் தளத்தையும் கட்டுகிறவர் முன்னவர். கதவு, சன்னல், மேசை, பெட்டி என்று நுட்பமான பொருத்து வேலை செய்கிறவர் பின்னவர். லண்டன் ஜாயினர் சங்கத்துக்கு முதலாம் எலிசபெத் அரசி 1571இல் சாசனம் வழங்கினார். இரண்டு தொழிலாளருக்கும் நடுவே எது யாருடைய வேலை என்று சச்சரவு நடந்துகொண்டே இருந்து, 1632இல் நகர நிர்வாகம் தலையிட்டு எல்லை வகுத்தது. பசை போட்டு, துளையும் நாக்கும் வைத்து, புறாவின் வால்போல் விரிந்த பற்களைக் கோத்துப் பொருத்துவது ஜாயினரின் பங்கு. ஆணி அடித்துச் செய்வது தச்சரின் பங்கு. ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற்கனவு’ நாடகத்தில் கூத்துப் போடக் கிளம்பும் கைவினைஞர்களில் குவின்ஸ் தச்சர், ஸ்னக் ஜாயினர். அன்றைய லண்டன்காரர்களுக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். 1988இல் நூறு மீட்டரை 10.49 வினாடியில் ஓடிய ஃப்ளாரன்ஸ் கிரிஃபித் ஜாயினரின் கடைசிப் பெயரும் இந்தத் தொழில்பெயர்தான். கணவர் வீட்டு வழியாக அவருக்கு வந்தது.

இனி நமக்கு மிகவும் வேண்டியது, எப்படி எழுதுவது என்பது.

விண்ணப்பங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் நான் அதிகம் பார்க்கிற பிழை, ‘ஐ ஜாயின்ட் இன் எ கம்பெனி’. அந்த ‘இன்’ வேண்டாம். ‘ஐ ஜாயின்ட் எ கம்பெனி’ என்பதே சரி. பிழை எங்கிருந்து வருகிறது என்றால் நம் தாய்மொழியிலிருந்து வருகிறது. கம்பெனியில் சேர்ந்தேன், ராணுவத்தில் சேர்ந்தேன், கட்சியில் சேர்ந்தேன் என்று தமிழ் ஏழாம் வேற்றுமை போடும். அந்த ‘இல்’ ஆங்கிலத்தில் ‘இன்’ ஆக வந்து ஒட்டிக்கொள்கிறது. இதேபோல் ‘என்னோடு சாப்பிட வாருங்கள்’ என்ற தமிழின் ‘ஓடு’ உருபு, ‘ஜாயின் வித் மீ ஃபார் லஞ்ச்’ என்று ‘வித்’தைக் கொண்டுவருகிறது. ‘ஜாயின் மீ ஃபார் லஞ்ச்’ என்றால் போதும்.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஜாயினுக்கு மனத்துக்குள் ‘சேர்’ என்று பொருள் வைத்துக்கொள்ளாதீர்கள். ‘அடை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அடை என்ற தமிழ் வினை இரண்டாம் வேற்றுமையைத்தான் கேட்கும். சென்னையை அடைந்தேன், பதவியை அடைந்தேன். ‘சென்னையில் அடைந்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ஜாயினும் அப்படியே. கம்பெனியை, கட்சியை, வரிசையை, நண்பரை நேராகத் தொடும். பவானி ஆறு கூடுதுறையில் காவிரியை அடைகிறது என்றால், ஆங்கிலத்தில் ‘தி பவானி ஜாயின்ஸ் தி காவேரி’. நடுவில் எந்தச் சொல்லும் வராது.

சில இடங்களில் முன்னிடைச்சொல் வரத்தான் செய்யும். ஒரு பொருளை இன்னொரு பொருளோடு நாம் பொருத்தும்போது ‘டு’ வரும். குழாயைத் தொட்டியோடு பொருத்து என்பது ‘ஜாயின் தி பைப் டு தி டேங்க்’. நடந்துகொண்டிருக்கிற பாட்டிலோ விளையாட்டிலோ பேச்சிலோ நாமும் கலந்துகொண்டால் ‘ஜாயின் இன்’. இங்கே ‘இன்’ பிழையில்லை. நிறுவனத்துக்கு வேண்டாத அந்த ‘இன்’, செயலுக்கு வேண்டும். படையில் சேர்வதற்கு ‘ஜாயின் அப்’ என்ற பேச்சுவழக்கும் உண்டு. எந்தப் பதவியில் சேர்ந்தார் என்று சொல்ல ‘ஆஸ்’ போட வேண்டும்: ‘ஷி ஜாயின்ட் தி பேங்க் ஆஸ் எ கிளார்க்’. ‘ஜாயின் வித்’ முழுத் தவறில்லை. பலர் ஒன்றுபட்டு ஒரு நன்றியோ கண்டனமோ தெரிவிக்கும் முறையான எழுத்தில் அது வரும். சாப்பாட்டு அழைப்புக்கு அது பொருந்தாது.

எழுத்துக்கூட்டிலும் ஓரிடத்தில் தடுக்கும். சேர்ந்தேன் என்ற இறந்தகால வினையும், மூட்டு அல்லது கூட்டு என்ற பொருளுடைய பெயரும் நம் வாயில் ஒன்றுபோல ‘ஜாயின்ட்’ என்றே வருகின்றன. ஆங்கிலத்தில் முன்னது ‘டி’ என்ற மெல்லிய ஒலியோடு, ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்தில் முடியும். பின்னது வன்மையான ஒலியோடு, இருபதாம் எழுத்தில் முடியும். ‘இன்று வேலையில் சேர்ந்தேன்’ என்று எழுத நினைத்து ‘இன்று மூட்டு’ என்று எழுதி அனுப்பிய குறுஞ்செய்திகளை நான் பார்த்திருக்கிறேன். இணை இயக்குநர், இணைப் பதிவாளர், கூட்டுக் குடும்பம், முழங்கால் மூட்டு எல்லாம் இருபதாம் எழுத்துக்காரர்கள்.

‘ஜாயினிங் எப்போ?’, ‘ஜாயினிங் ரிப்போர்ட் கொடுத்தாச்சா?’ என்பவை இந்தியாவில் வளர்ந்த வழக்குகள். பிரிட்டனில் பெரும்பாலும் ‘ஸ்டார்ட் டேட்’ என்பார்கள். நம் வழக்கைப் பிழை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரசு விதியிலேயே அது நிலைபெற்றுவிட்டது. மாறுதல் பெற்ற மத்திய அரசு ஊழியர் புது இடத்துக்குப் போய்ச் சேரத் தரப்படும் அவகாசத்துக்கு ‘ஜாயினிங் டைம்’ என்று பெயர். அதற்கென 1979இல் தனி விதிகளே வந்தன. இரண்டு ஊர்களுக்கும் இடையே தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்குள் இருந்தால் பத்து நாள்.

கணினித் துறைக்காரர்களுக்கு ஜாயின் வேறொரு வேலை செய்கிறது. இரண்டு அட்டவணைகளில் பொதுவாக இருக்கிற ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை ஒன்றாகப் படிப்பது அங்கே ஜாயின். எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரை அந்தச் செயலுக்கு இந்தப் பெயரைக் கொடுத்தது. அட்டவணைகள் கரைந்துபோவதில்லை. இரண்டும் இரண்டாகவே இருக்க, நடுவில் ஒரு பொதுக்கட்டை கிடக்கிறது. நுகத்தில் நிற்கும் இரண்டு மாடுகளை இதைவிடச் சரியாக வரைந்துகாட்ட முடியாது.

இதைப் படிப்பவர்களில் புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். முதல் நாள் ஒரு தாளை நீட்டி ஜாயினிங் ரிப்போர்ட் எழுதித் தரச் சொல்வார்கள். எழுதும்போது நிறுவனத்தின் பெயருக்கு முன்னால் ‘இன்’ போடாதீர்கள். ஜாயின்டை நான்காம் எழுத்தில் முடியுங்கள்.